நின்றுபோன நாஸ் பெட்டி: பழுது பார்ப்பதா, டெபியன் போடுவதா, வேறு கணினிக்கு மாறுவதா?

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் என்றால் வெளியூர்க்காரர்கள் 1948 ஜூன் 16-ஆம் தேதியைச் சொல்வார்கள். எல்பில் தோட்டத்தில் வெள்ளைக்கார மேலாளர் சுடப்பட்டு, நாடு அவசரகாலத்தை நோக்கிப் போன நாள். கொஞ்சம் வயதானவர்கள், மலேசிய இந்தியக் காங்கிரஸ் தலைவராக இருந்த துன் சம்பந்தனின் பெயரைச் சொல்வார்கள். எங்கள் குடும்பத்துக்குச் சுங்கை சிப்புட் என்பது பெரியப்பா வீட்டில், சாமி அறைக்குப் பக்கத்து அலமாரியில் இருந்த ஒரு கறுப்புப் பெட்டி.

அது ஒரு நாஸ் பெட்டி. வீட்டு ரௌட்டரோடு கேபிளில் இணைந்துகொண்டு, வீட்டிலுள்ள எல்லாக் கணினிக்கும் பொதுவான பரண் போல இருப்பது. உள்ளே 2 டிபி வட்டு ஒன்று, ஏஆர்எம் சிப் ஒன்று, 256 எம்பி நினைவகம். தயாரித்த நிறுவனம் அதற்கு மென்பொருள் புதுப்பிப்பு தருவதை நிறுத்திப் பல வருடங்கள் ஆகிவிட்டன. தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாப் படங்கள், லயங்கள் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) இடிபடுவதற்கு முன் பெரியப்பா வீடு வீடாகப் போய் எடுத்த படங்கள், தாத்தாவின் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கப் பங்குப் புத்தகத்தின் ஸ்கேன், ஒலிநாடாவிலிருந்து மாற்றிய தாலாட்டும் ஒப்பாரியும் என்று 1.3 டிபி அளவுக்கு அதில் சேர்ந்திருந்தது. பால்மரம் போய்ச் செம்பனை வந்து, செம்பனையிலும் பாதி போய்த் தாமான் வீடுகள் வந்துவிட்ட இடத்தில், அந்தத் தோட்டம் இப்போது முழுதாக இருப்பது அந்தப் பெட்டிக்குள் மட்டும்தான். இன்னொரு பிரதி கிடையாது. இதை எழுதும்போதே வெட்கமாக இருக்கிறது, ஏனென்றால் குடும்பத்தில் கணினி வேலை பார்ப்பவன் நான்தான்.

ஒரு பிற்பகல் இடிமழையில் மின்சாரம் போய் வந்தது. ரௌட்டர் கருகிவிட்டது. இணையச் சேவைக்காரர்கள் இரண்டு நாளில் புது ரௌட்டர் மாட்டிவிட்டுப் போனார்கள். அன்று மாலை பெரியப்பா என்னை அழைத்தார். "தம்பி, பெட்டி நீலமாகக் கண் சிமிட்டிக்கொண்டே இருக்கிறது. படம் ஒன்றும் வரவில்லை. செத்துவிட்டதா?"

நான் ஈப்போவிலிருந்து போய்ச் சேருவதற்குள் ஆளுக்கொரு வைத்தியம் சொல்லிவிட்டார்கள். அண்ணன், புதுப் பெட்டி வாங்கிவிடலாம் என்றார். அவர் மகள், எல்லாவற்றையும் மேகத்தில், அதாவது இணையச் சேமிப்பில், ஏற்றிவிடலாம் என்றாள். என் நண்பர் ஒருவர், பெட்டியைத் திறந்து லினக்ஸ் என்ற திறந்த மென்பொருள் இயங்குதளத்தைப் போட்டால் சரியாகிவிடும் என்றார். பெரியம்மா மட்டும், முதலில் சுவிட்சை அணைத்துப் போட்டுப் பாருங்கள் என்றார். உண்மைக்கு மிக அருகில் வந்தது பெரியம்மாதான்.

நோய் எது?

பெட்டியின் மேல் காதை வைத்துக் கேட்டேன். வட்டு விர்ரென்று சுழலத் தொடங்கும், மூன்று நான்கு நொடியில் டக்கென்று ஒரு சத்தம், சுழற்சி தணியும், மீண்டும் விர்ர். வட்டு போய்விட்டது என்று நினைக்கத் தூண்டும் சத்தம் அது. ஆனால் வட்டைக் குற்றம் சொல்வதற்கு முன் அடாப்டரைப் பார்க்க வேண்டும். மூன்றரை அங்குல வட்டு சுழலத் தொடங்கும் அந்தச் சில நொடிகளில் 12 வோல்ட்டில் 2 ஆம்பியர் வரை இழுக்கும். அடாப்டருக்குள் இருக்கும் கெப்பாசிட்டர் வயதாகி வீங்கியிருந்தால் அந்த இழுப்புக்குத் தாங்காது.

மல்டிமீட்டரை வைத்தேன். சும்மா இருக்கும்போது 12.1 வோல்ட், பார்க்க நல்ல பிள்ளை. பெட்டியோடு இணைத்து, பிளக்கின் ஓரமாக ஊசியைச் செருகி அளந்தால் வட்டு சுழலும் நொடியில் 10.3-க்கு விழுந்தது. பழைய ரௌட்டரின் அடாப்டர் 12 வோல்ட்தான், ஆனால் 1 ஆம்பியர், அது உதவாது. முன்வாசல் கண்காணிப்புக் கேமராவின் அடாப்டர் 12 வோல்ட், 3 ஆம்பியர். அதே அளவு முனை, நடுவில் நேர்முனை. இந்தக் கடைசி விஷயத்தை அடாப்டர் மேல் அச்சிட்டிருக்கும் சின்னப் படத்தில் பார்த்துவிட்டே மாட்ட வேண்டும். முனை மாறினால் பெட்டி உண்மையாகவே செத்துவிடும். மாட்டினேன். வட்டு ஒரே சீராகச் சுழன்றது. விளக்கு சிமிட்டலை நிறுத்தியது.

படம் அப்போதும் வரவில்லை. ஒரு கோளாறு போனால் எல்லாம் சரியாக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. பல வருடங்களுக்கு முன் நானே அந்தப் பெட்டிக்கு 192.168.0 வரிசையில் ஒரு நிலையான ஐபி முகவரி கொடுத்திருந்தேன். புது ரௌட்டரோ 192.168.1 வரிசைக்காரர். இருவரும் ஒரே தெருவில் இருந்துகொண்டு ஒருவரையொருவர் தெரியாது என்கிறார்கள். மடிக்கணினியைக் கேபிளில் நேராகப் பெட்டியோடு இணைத்து, அதற்கும் பழைய வரிசையில் ஒரு முகவரி கொடுத்த பிறகு பெட்டியின் நிர்வாகப் பக்கம் திறந்தது. முகவரியை ரௌட்டரே கொடுக்கட்டும் என்று மாற்றினேன்.

பெரியப்பாவின் விண்டோஸ் 7 கணினியில் கோப்புறைகள் வந்துவிட்டன. அண்ணன் மகளின் புது மடிக்கணினியில் வரவில்லை. இது மூன்றாவது கோளாறு, சரியாகச் சொன்னால் கோளாறே இல்லை. பெட்டிக்குத் தெரிந்தது எஸ்எம்பி 1 என்ற பழைய பகிர்வு மொழி மட்டும். 2017 மே மாதத்தில் வான்னாகிரை கிருமி உலகம் முழுக்கப் பரவியது அந்த மொழியிலிருந்த ஓட்டை வழியாகத்தான். அதே ஆண்டின் கடைசியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து எஸ்எம்பி 1 தானாக நிறுவப்படுவதில்லை. விண்டோஸ் அமைப்புகளில் ஒரு தேர்வைக் குறியிட்டால் அதைத் திரும்பக் கொண்டுவரலாம். அப்படிச் செய்யச் சொல்லும் காணொளிகள் ஏராளம். ஒரு பழைய பெட்டிக்காகப் புதுக் கணினியின் கதவைத் திறந்து வைப்பது என் மனதுக்கு ஒப்பவில்லை.

கடைசியாக வட்டின் உடல்நிலை. வட்டு தன்னைப் பற்றித் தானே எழுதி வைக்கும் ஸ்மார்ட் பதிவேட்டில் நான் பார்ப்பது நான்கு வரிகளைத்தான். 5-ஆம் எண், மாற்றி வைக்கப்பட்ட பகுதிகள். 197, படிக்க முடியாமல் காத்திருக்கும் பகுதிகள். 198, திருத்த முடியாதவை. 199, கேபிளில் நேரும் பிழைகள். இது மட்டும் ஏறினால் வட்டை விட்டுவிட்டுக் கேபிளை மாற்றுங்கள். எங்கள் வட்டில் 197-க்கு நேராக 8 என்று இருந்தது. பெட்டியைத் திறந்தபோது சுற்றுப்பலகையின் ஓரத்தில் பல்லி முட்டை ஓடுகள் இரண்டு வேறு. அவற்றுக்கும் இந்த எட்டுக்கும் தொடர்பில்லை.

வட்டைக் கழற்றினால் படிக்க முடியுமா?

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள். எல்லா ஒப்பீட்டையும் எனக்குத் தீர்மானித்துக் கொடுத்தது இதுதான்.

நாஸ் பெட்டிகளில் பெரும்பாலானவற்றின் உள்ளே ஓடுவது லினக்ஸ்தான். ஆகவே பெட்டி போனாலும் வட்டைக் கழற்றி லினக்ஸ் கணினியில் மாட்டினால் கோப்புகள் வந்துவிடும் என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் பலருக்குச் சொல்லியிருக்கிறேன். வட்டைக் கழற்றி யூஎஸ்பி தொட்டிலில் வைத்து மடிக்கணினியில் இணைத்தேன். வட்டின் பிரிவுகள் தெரிந்தன. தரவுப் பிரிவு, லினக்ஸின் வழக்கமான கோப்பு முறைமையான இஎக்ஸ்டி4 என்றும் தெரிந்தது. திறக்கச் சொன்னால் மறுத்தது. லினக்ஸின் மைய நிரலான கெர்னலின் பதிவைப் பார்த்தேன். கட்டத்தின் அளவு 65536 பைட், அது எனக்கு ஆகாது என்று எழுதியிருந்தது.

நடந்தது இதுதான். கோப்பு முறைமை வட்டைச் சம அளவுக் கட்டங்களாகப் பிரித்துக்கொள்ளும். நம் கணினிகளில் அது வழக்கமாக 4096 பைட். பெட்டியைச் செய்தவர்கள் வேகத்துக்காக நினைவகப் பக்கத்தை (நினைவகத்தைக் கையாளும் அலகை) 64 கேபி ஆக்கிய தனிக் கெர்னலைக் கட்டி, வட்டிலும் அதே அளவுக் கட்டங்களை அடித்துவிட்டார்கள். என் மடிக்கணினியில் இருந்த கெர்னலால் தன் நினைவகப் பக்கமான 4 கேபியைவிடப் பெரிய கட்டத்தை ஏற்றுக்கொள்ள முடியாது. பெயரளவில் திறந்த மென்பொருள். பூட்டு மட்டும் சொந்தப் பூட்டு.

வழி இல்லாமல் இல்லை. கெர்னலை நம்பாமல் தானே கட்டங்களைப் படிக்கும் ஃபியூஸ்2எஃப்எஸ் என்ற கருவி இருக்கிறது. ஆனால் எட்டுப் பகுதிகள் படிக்க முடியாத வட்டை நேராக மேயக் கூடாது. முதலில் புது 2 டிபி வட்டு ஒன்றை வாங்கி, டிடிரெஸ்க்யூ கொண்டு பழைய வட்டை அப்படியே அதில் பிரதி எடுத்தேன். நல்ல பகுதிகளை முதலில் அள்ளிக்கொண்டு, கெட்ட இடங்களைக் குறித்து வைத்துவிட்டுக் கடைசியில் அவற்றை மட்டும் மீண்டும் மீண்டும் முயல்வதுதான் அதன் சிறப்பு. குறிப்புக் கோப்பு ஒன்றை வைத்துக்கொள்வதால் நடுவில் மின்சாரம் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். ஏறக்குறைய முழு வட்டும் ஆறு மணி நேரத்துக்குச் சற்று மேல் எடுத்தது. கடைசிச் சொச்சத்துக்கு விடியும்வரை போராடிவிட்டு 4096 பைட்டை மட்டும் மீட்க முடியவில்லை என்றது. அந்த இடம் எந்தக் கோப்பைச் சேர்ந்தது என்று தேடிப் பார்த்தால், என் சித்தி கல்யாணக் காணொளியின் நடுவில் விழுந்திருந்தது. பந்தியில் ஒரு கணம் திரை சிதறுகிறது, அவ்வளவுதான்.

பிரதியிலிருந்து கோப்புகளை எல்லாம் இன்னொரு வட்டுக்கு எடுத்து வைத்த பிறகுதான் பெரியப்பா வீட்டில் எல்லோரும் பசியாறினோம். அதற்கு முன் எந்தத் தீர்மானமும் எடுக்கவில்லை. நீங்களும் எடுக்காதீர்கள்.

இனி ஒப்பீடு. என் அளவுகோல் ஒன்றுதான். பெட்டி எதுவாக இருந்தாலும், ஒருநாள் அது நிற்கும்போது வட்டைக் கழற்றிக் கண்ணில் படும் எந்த லினக்ஸ் கணினியிலும் படிக்க முடிய வேண்டும். விலை, வேகம், அழகு எல்லாம் அதற்குப் பிறகு.

பழைய பெட்டியை அப்படியே ஓட்டுவது

அடாப்டர் 35 வெள்ளி (ரிங்கிட்), வட்டு ஒன்று, வேலை முடிந்தது. பெரியப்பாவுக்குப் பழகிய பெட்டி. ஆனால் எஸ்எம்பி 1 அப்படியே இருக்கும், பூட்டும் அப்படியே இருக்கும். இணையத்திலிருந்து எட்டாதபடி வைத்தால் ஆபத்தில்லை என்பார்கள். 2021 ஜூன் மாதத்தில் வெஸ்டர்ன் டிஜிட்டலின் மை புக் லைவ் பெட்டிகள் பல நாடுகளில் ஒரே நேரத்தில் காலியாகின. 2015-க்குப் பிறகு புதுப்பிப்பு காணாத பெட்டிகள் அவை. யாரோ இணையம் வழியாக வந்து எல்லாவற்றையும் அழிக்கும் கட்டளையைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். எங்கள் பெட்டி வேறு, ஆனால் கதையின் முதல் பாதி ஒன்றேதான். இந்த வழியைத் தள்ளிவிட்டேன்.

அதே பெட்டியில் டெபியன்

டெபியன் என்பது லினக்ஸின் ஒரு வகை. எனக்கு மிகவும் பிடித்த வழி இது. பிடித்திருப்பதாலேயே சந்தேகத்தோடு பார்க்க வேண்டிய வழியும் இதுதான்.

முதல் கேள்வி உங்கள் பெட்டியின் சிப் எது என்பது. பழைய கிர்க்வுட் சிப் பெட்டிகள் ஏஆர்எம் 5 தலைமுறை. டெபியனில் ஆர்மெல் என்ற பிரிவு. 2023 ஜூனில் வந்த டெபியன் 12 வரை அவற்றுக்கு நிறுவும் நிரல் (நிறுவி) உண்டு. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-இல் ஆர்மெல் நிறுவி கிடையாது. அதாவது அந்தப் பெட்டிகளில் இன்று புதிதாக டெபியன் போடுவது, இடிக்கப்போகும் லயத்துக்குச் சுண்ணாம்பு அடிப்பது. எங்களுடையது ஏஆர்எம் 7, ஆர்ம்எச்எஃப் பிரிவு. டெபியன் 13-இலும் உண்டு. ஆனால் சிப்புக்கான கெர்னல் டெபியனிடம் இல்லை. ஆர்வலர் ஒருவர் கட்டி வைத்திருந்தது கிடைத்தது. மற்ற மென்பொருள்களுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் டெபியனிலிருந்து வரும், கெர்னலுக்கு அந்த ஆர்வலருக்கு நேரம் கிடைத்தால் வரும். இந்த வேறுபாட்டைப் பலர் சொல்வதில்லை.

இரண்டாவது, உள்ளே நுழைவது. சுற்றுப்பலகையில் வரிசையாக நான்கு ஊசிகள் இருந்தன. தரை, அனுப்புவது, பெறுவது, மின்சாரம். யூஎஸ்பி சீரியல் கேபிள் ஒன்றை அதில் மாட்டினால் பெட்டி கண் விழிக்கும்போது முணுமுணுப்பது எல்லாம் திரையில் வரும். கேபிள் 3.3 வோல்ட் வகையாக இருக்க வேண்டும். 5 வோல்ட் கேபிள் சிப்பைச் சுட்டுவிடும். மின்சார ஊசியை இணைக்கவே கூடாது. கேபிளின் அனுப்பும் கம்பி பெட்டியின் பெறும் ஊசிக்கு, பெறும் கம்பி அனுப்பும் ஊசிக்கு. நான் முதலில் 9600 வேகம் வைத்திருந்ததால் திரையில் பேய் எழுத்தாகக் கொட்டியது. 115200 என்று மாற்றியதும், பெட்டியை எழுப்பும் நிரலான யூ-பூட்டின் வரிகள் தெளிவாக வந்தன. ஏதாவது ஒரு விசையை அழுத்து என்று அது மூன்று நொடி தரும்; அதற்குள் அழுத்தினால் பெட்டி உங்கள் கையில். அந்த மூன்று நொடியைத் தவறவிட்டு, அணைத்துப் போட்டு, மீண்டும் தவறவிட்டு, ஐந்தாவது முறை பிடித்தேன். பெரியப்பா பக்கத்தில் உட்கார்ந்து, தூண்டில் போடுகிறாயா என்று கேட்டார்.

பென் டிரைவிலிருந்து டெபியன் எழுந்தது. கோப்புகளைப் பகிரும் சாம்பாவும் பிரதி எடுக்கும் ஆர்சிங்கும் மட்டும் போட்டேன். 256 எம்பி அதற்குப் போதும். சாம்பாவின் இன்றைய பதிப்புகள் எஸ்எம்பி 1-ஐத் தாமே மூடி வைத்துவிட்டுப் புதிய எஸ்எம்பியில் பேசுவதால் புது மடிக்கணினியும் உடனே பேசியது. வேகம் நொடிக்கு 35 எம்பி அளவு, பழைய மென்பொருளைவிடக் கொஞ்சம் குறைவு. ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். புதுக் கெர்னலின் நினைவகப் பக்கம் 4 கேபி. பழைய 64 கேபிக் கட்ட வட்டை இதுவும் படிக்காது. வட்டில் உள்ளதை அப்படியே வைத்துக்கொண்டு மென்பொருளை மட்டும் மாற்றலாம் என்பது எங்கள் பெட்டி வகைக்குப் பொய்; வெளியே எடுத்து வைத்துவிட்டு, வட்டைப் புதிதாக வடிவமைத்து, திரும்ப ஏற்ற வேண்டும்.

என் அளவுகோலில் இது தேறியது. தோற்ற இடம் வேறு. இதற்குத் திரை கிடையாது, நிர்வாகப் பக்கம் கிடையாது. எழவில்லை என்றால் நான் ஈப்போவிலிருந்து சீரியல் கேபிளோடு வர வேண்டும்.

சிறிய கணினியில் ஓப்பன்மீடியாவால்ட்

அலுவலகங்கள் கழித்துவிடும் சிறிய மேசைக் கணினிகள் ஈப்போவில் பழைய கணினிக் கடைகளில் கிடைக்கின்றன. ஆறாம் தலைமுறை ஐ5, 8 ஜிபி நினைவகம், 256 ஜிபி எஸ்எஸ்டி கொண்ட ஒன்று 380 வெள்ளிக்குக் கிடைத்தது. மூன்றரை அங்குல வட்டு ஒன்றுக்கு உள்ளே இடம் இருக்கிறதா என்று கடையிலேயே மூடியைத் திறந்து பாருங்கள். மெலிதான வகைகளில் இருக்காது. வீட்டில் கிடக்கும் பழைய பெரிய கணினியையே போட்டுவிடலாமே என்று அண்ணன் கேட்டார். அளந்து பார்த்தோம். அது சும்மா இருக்கும்போது 65 வாட், சிறியது 18 வாட். ஆண்டு முழுக்க ஓடினால் வேறுபாடு 400 யூனிட்டுக்கு மேல். தெனாகா மின்கட்டணச் சீட்டைப் பார்த்து அவரே பெரியதை ஸ்டோர் அறைக்குத் திருப்பி அனுப்பினார்.

ஓப்பன்மீடியாவால்ட் என்பது டெபியன்தான். மேலே உலாவியில் திறக்கும் நிர்வாகப் பக்கம் ஒன்றைப் போர்த்தியிருக்கிறார்கள். ஃபோல்க்கர் தைலே என்ற ஜெர்மானியர் தொடங்கியது. முதல் பதிப்பு 2011. வட்டு, கோப்பு முறைமை, பகிர்ந்த கோப்புறை, பயனர், எஸ்எம்பி என்று பக்கத்தின் வரிசையிலேயே போனால் அரை மணியில் முடிகிறது. நிறுவும்போது தரவு வட்டைக் கழற்றி வைத்துவிடுங்கள். நிறுவி, எந்த வட்டில் போடட்டும் என்று கேட்கும் இடத்தில் தூக்கக் கலக்கத்தில் தவறான வட்டைக் காட்டியவர்களை எனக்குத் தெரியும். ஒருவரை மிக நன்றாகவே தெரியும்.

குறையும் உண்டு. லினக்ஸ் தெரிந்தவர்களின் கை சும்மா இருக்காது. அமைப்புக் கோப்பை நேராகத் திறந்து ஒரு வரி சேர்ப்பார்கள். அடுத்த முறை நிர்வாகப் பக்கத்தில் ஏதாவது மாற்றி ஒப்புதல் கொடுத்ததும் அந்த வரி காணாமல் போகும். ஓப்பன்மீடியாவால்ட் எல்லா அமைப்பையும் தானே எழுதும், பங்காளி வைத்துக்கொள்ளாது. இன்னொன்று, அது உட்கார்ந்திருக்கும் எஸ்எஸ்டியில் தரவு வைக்க எளிதில் விடாது. 256 ஜிபியில் பெரும்பகுதி சும்மா கிடக்கிறது. எரிச்சல்தான், ஆனால் நல்லதற்குத்தான்.

தரவு வட்டைச் சாதாரண இஎக்ஸ்டி4-ஆக, சாதாரண 4 கேபிக் கட்டத்தோடு வடிவமைக்கிறது. என் அளவுகோல் திருப்தியானது.

ட்ரூநாஸ்

இதுவும் கணினியை நாஸ் பெட்டியாக்கும் மென்பொருள். 2005-இல் ஃப்ரீநாஸ் என்ற பெயரில், ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளத்தின் மேல் தொடங்கியது. 2022-இல் ஸ்கேல் என்ற பெயரில் டெபியன் மேலும் வந்தது. இதன் உயிர் இசட்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமை. எழுதும் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சரிபார்ப்பு எண் வைப்பதால், வட்டில் ஒரு பிட் தானாகப் புரண்டாலும் கண்டுபிடிக்கும். இஎக்ஸ்டி4 அதைக் கோப்பின் உள்ளடக்கத்துக்குச் செய்வதில்லை. நொடியில் எடுக்கும் நிலைப்பிரதிகள் வேறு; பணம் பறிக்கும் கிருமி வந்தால் நேற்றைய நிலைக்குத் திரும்பலாம். மனதாரச் சொல்கிறேன், இருப்பதில் தொழில்நுட்பம் உயர்ந்தது இதுதான். குறைந்தது 8 ஜிபி நினைவகம் கேட்கும், யூஎஸ்பி வட்டுகளைப் பிடிக்காது, இரண்டு வட்டாவது உள்ளேயே இருந்தால்தான் அதன் முழுப் பலன். கோயில் நிர்வாக அலுவலகத்துக்கோ தமிழ்ப்பள்ளிக்கோ கேட்டிருந்தால் இதைத்தான் சொல்லியிருப்பேன். பெரியப்பாவின் அலமாரிக்கு இது கல்யாண அண்டா.

புதுப் பெட்டி, மேகம், மற்றவை

புது இரண்டு வட்டுப் பெட்டி வட்டோடு சேர்த்து ஆயிரம் வெள்ளியைத் தாண்டும். மோசமில்லை. வட்டைக் கழற்றி உபுண்டுவில் படிக்கும் வழியைத் தாங்களே வெளியிட்டிருக்கும் நிறுவனங்களும் உண்டு. வாங்குவதற்கு முன் அதைத் தேடிப் பாருங்கள். தமிழில் கோப்புப் பெயர் வைப்பவர்களுக்கு மட்டும் ஒரு கண்ணி இருக்கிறது. லினக்ஸ் கோப்பு முறைமைகளில் ஒரு பெயருக்கு 255 பைட் இடம். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட். தமிழில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று. 'தீ' என்றால் 'த'வுக்கு மூன்று, நெடில் குறிக்கு மூன்று, ஆக ஆறு. சில பெட்டிகள் பயன்படுத்தும் மறையாக்கக் கோப்புறையில் அந்த 255-உம் 143 ஆகக் குறைந்துவிடும். பெரியப்பா வைத்த பெயர் ஒன்று: மகா மாரியம்மன் ஆலயத் தீமிதித் திருவிழா 2011 பூக்குழி இறங்குதல். எண்ணிப் பார்த்தேன், பின்னொட்டோடு 168 பைட். பெரியப்பா பெயரைச் சுருக்க மாட்டார். பெட்டிதான் மாற வேண்டும்.

மேகத்துக்கு 1.3 டிபியை நொடிக்கு 50 மெகாபிட் வேகத்தில் ஏற்றினால் கணக்குப்படி 58 மணி நேரம். அது பெரிய தடையில்லை. கூகுள் படங்களின் அளவில்லா இலவசம் 2021 ஜூன் 1-உடன் முடிந்துவிட்டது. இனி மாதா மாதம் ஒருவர் பெயரில் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். யார் அட்டை, அது காலாவதியானால் யார் கவனிப்பார்கள் என்ற கேள்விக்கு எங்கள் வீட்டில் பதில் வரவில்லை. ராஸ்பெரி பைக்குப் போகலாம் என்றால், யூஎஸ்பி வட்டுக்கு மின்சாரம் போதாமல் திணறுவதும் மைக்ரோ எஸ்டி அட்டை தேய்வதும் எனக்குப் பழைய தலைவலி. மீண்டும் வாங்க மனமில்லை.

இரண்டு வட்டை ரெய்டு 1 முறையில் இணைத்தால் பிரதி ஆகிவிடாதா என்று அண்ணன் கேட்டார். ஆகாது. ஒரு வட்டு செத்தால் மற்றது ஓடும், சரி. குழந்தை ஒரு கோப்புறையை அழித்தால் அதே நொடியில் இரண்டிலும் அழியும். நான் அந்த இரண்டாவது வட்டைப் பிரித்து யூஎஸ்பியில் வைத்து, இரவு இரண்டு மணிக்கு ஆர்சிங் ஓட விட்டேன். பகலில் யாராவது தவறு செய்தால் இரவுக்குள் சொல்ல வேண்டும் என்பது வீட்டு விதி.

எங்கள் வீட்டு ஏற்பாடு

சுங்கை சிப்புட்டில் சிறிய கணினியும் ஓப்பன்மீடியாவால்ட்டும். உள்ளே 4 டிபி வட்டு, வெளியே யூஎஸ்பியில் இன்னொன்று. இடியை நினைத்து ஒரு சின்ன யூபிஎஸ். மின்சாரம் போய்ப் பத்து நிமிடம் ஆனால் கணினி தன்னை மூடிக்கொள்ள நட் என்ற செருகு நிரல் பார்த்துக்கொள்கிறது. ஃபைபர் கண்ணாடி இழை என்பதால் அதன் வழியாக மின்னல் வராது. ஆனால் ரௌட்டரின் அடாப்டர் வழியாக வந்து ஈத்தர்நெட் கேபிளில் ஏறலாம். எனவே ரௌட்டரும் அதே யூபிஎஸ்ஸில்.

பழைய கறுப்புப் பெட்டியை எறியவில்லை. டெபியனோடும் 2 டிபி வட்டோடும் ஈப்போவில் என் வீட்டில் இருக்கிறது. முதல் பிரதியைக் காரில் தூக்கி வந்தேன். அதன் பிறகு வாரம் ஒருமுறை, மாறியதை மட்டும், வயர்கார்டு என்ற மறையாக்கப்பட்ட இணையச் சுரங்கம் வழியாக இழுத்துக்கொள்கிறது. வெளியுலகுக்குப் பகிர்வுக் கதவு எதுவும் திறக்கவில்லை. சீரியல் கேபிள் தேவைப்பட்டால் கேபிளும் நானும் ஒரே வீட்டில்.

அமைத்த மறுவாரம் ஒரு சோதனை செய்தோம். சிறிய கணினியை அணைத்து, 4 டிபி வட்டைக் கழற்றி, யூஎஸ்பி தொட்டிலில் வைத்து, அண்ணன் மகளின் மடிக்கணினியில் பென் டிரைவிலிருந்து ஒரு லினக்ஸை எழுப்பி இணைத்தேன். எந்தப் படத்தைத் திறக்கட்டும் என்று பெரியப்பாவைக் கேட்டேன். 2009, மூன்றாம் லயம், கிணற்றடி என்றார். கோப்புறை திறந்தது, படம் திறந்தது. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். "தம்பி, பெயரில் பிழை இருக்கிறது. இது நான்காம் லயத்துக் கிணறு. மூன்றாம் லயத்துக் கிணற்றில் இந்தப் பக்கம் படி இருக்காது."

படிக்க மட்டும் என்று வட்டை இணைத்திருந்ததால் அப்போது மாற்ற முடியவில்லை. திரும்பக் கணினியில் பூட்டிய பிறகு பெயரை மாற்றினேன். இரவு இரண்டு மணிக்கு அந்தத் திருத்தம் யூஎஸ்பி வட்டுக்குப் போனது. ஞாயிற்றுக்கிழமை ஈப்போவுக்கு வந்து சேர்ந்தது.